மூன்று முறை நனைத்த விதை

ஐப்பசி பிறந்து பன்னிரண்டாம் நாள், நொச்சிமேட்டுப்பட்டியின் வடக்குக் காட்டில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்ற சோளம் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அது ஒரு உழவுச் சால் தூரம்தான் வந்திருந்தது. களையெடுக்கப் போன உலகம்மாள், தன் காட்டின் வடக்கு ஓரத்தில் ஒரு சால் அகலத்துக்கு வெறும் மண் கிடப்பதையும், தெற்கு வரப்பின்மேல் ஒரு வரிசைச் சோளம் ஏறி நிற்பதையும் பார்த்தாள். விதைக்கும்போது கை தவறி வரப்பில் விழுந்த விதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு களையை எடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் இரண்டு வரிசை வரப்பைத் தாண்டியிருந்தது. ஆறாம் நாள், அவளுடைய பயிரும் அவளோடு சேர்ந்து விதைத்த மற்றப் பதினேழு வீட்டாரின் பயிரும் ஒன்றாகக் கலந்து, தெற்கே தரிசாகக் கிடந்த அவள் கொழுந்தன் திருமேனியின் காட்டில் வரிசை குலையாமல் நின்றன.

பயிர் நடப்பதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றால் அது எந்த ஊர்ச் சோளத்தையும் போலக் காற்றுக்கு அசைந்துகொண்டிருக்கும்; வேம்படியில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு முழம் பக்கத்தில் வந்திருக்கும். அது விட்டுவந்த இடத்தில் வேர் பிடுங்கிய குழி இல்லை, மண் புரளவில்லை. பெருக்கிவிட்ட வாசலைப் போல் தரை சமமாகக் கிடந்தது.

ஊர் இதை முதலில் வரப்புத் தகராறாகத்தான் எடுத்துக்கொண்டது. காளியம்மன் கோவில் முன்னால் கூடி, கதிர் விதைத்தவர்களுக்கு, மாட்டுக்குப் போடுகிற தட்டை அறுப்பன்று பயிர் எந்த நிலத்தில் நிற்கிறதோ அந்த நிலத்துக்காரருக்கு என்று பேசி முடித்தார்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அடங்கல் கணக்கு எழுத வந்த கிராம நிர்வாக அலுவலர் வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "நிக்கிற பயிரைத்தான்யா எழுத முடியும், போற பயிரை எந்தச் சர்வே நம்பர்ல எழுதுறது? ஒரு இடத்துல நிக்கச் சொல்லுங்க, வந்து எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தார்கள். வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால்கூட முதலில் அதைப் பற்றி ஒரு கேலி பேசிவிட்டுத்தான் கம்பைத் தேடுகிற ஊர் அது.

உலகம்மாள் சிரிக்கவில்லை. அந்த விதைக்குத் தாகத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

மூன்று வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. கரிசல் காட்டில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். விதையும் மண்ணுக்குள் காத்திருக்கும். ஆனால் மூன்று வருஷமாக வந்த மழை, விதையின் கண்ணைத் திறக்கிற அளவு பெய்துவிட்டு, முளை வெளியே தலை நீட்டுவதற்குள் போய்விட்டது. நாலாம் வருஷம் ஆவணியில், வேளாண்மை அலுவலகத்திலிருந்து தமயந்தி என்கிற இளம் பெண், ஊர் ஆபீசரம்மா என்று கூப்பிடுகிறவள், பள்ளிக்கூட வராந்தாவில் எல்லாரையும் கூட்டிவைத்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் சோள விதையைப் பரப்பிக் காட்டினாள். வெள்ளை உப்பு ஒன்றைக் கரைத்த நல்ல தண்ணீரில் விதையை ஒரு ராத்திரி ஊறப்போட வேண்டும். முளை விடுவதற்கு முன்னால் எடுத்து நிழலில் காயவைத்து, பழைய எடைக்குக் கொண்டுவர வேண்டும். மறுபடி ஊறல், மறுபடி காய்ச்சல். இந்தப் புது விதைக்கு மூன்று தடவை.

"மூணு தடவை இப்படிச் செஞ்சா விதைக்கு வறட்சி பழகிரும். பருவம் மாறிப்போச்சு, நாமளும் மாறித்தானே ஆகணும்" என்றாள்.

திருமேனி பின்வரிசையில் சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். உலகம்மாளின் புருஷனுக்குத் தம்பி. அண்ணன் திருப்பூர் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போன பிறகு மதினி வீட்டுக்கு ஆம்பளைத் துணை என்று இருந்தவன். "ஏம்மா, பச்சப்பிள்ளை வாயில பால் சங்கை வச்சு வச்சுப் பிடுங்குனா, அது பசிக்குப் பழகிருமா, இல்ல அடுத்த தடவை கையோட சேத்துக் கடிக்குமா?" என்றான். வராந்தாவே சிரித்தது. ஆபீசரம்மாவும் சிரித்தாள்.

"பழக்காத விதையப் போட்டுத்தான மூணு வருஷம் பாத்தோம். இவரு சங்குல பால் நெறஞ்சா வழியுது?" என்று உலகம்மாள் எழுந்து பெயர் கொடுத்தாள். அவளைப் பார்த்துப் பதினேழு வீட்டார் கொடுத்தார்கள். திருமேனி கொடுக்கவில்லை. அவன் பழைய விதையையே புழுதியில் போட்டான், அது முளைக்கவில்லை.

ஊரில் போர்க் குழாய்த் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் என்றால் ஊருணித் தண்ணீர்தான். ஊருணிக்குள் செருப்புக் கால் படக்கூடாது, ஆடு மாடு இறங்கக்கூடாது, குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் தவிர அதில் ஒரு சொட்டு எடுக்கக்கூடாது. அந்த ஆவணியில் அது முழங்காலளவு கிடந்தது. வீட்டுக்கு நாளைக்கு இரண்டு குடம் என்று முறை. பதினெட்டு வீட்டுப் பெண்களும் தங்கள் முறையில் ஒரு குடத்தை விதைக்குக் கொடுத்தார்கள். அப்படி ஒரு காரியத்தை அந்த ஊர் அதுவரை செய்ததில்லை. உலகம்மாள் கூசிக்கொண்டேதான் முதல் குடத்தை ஊற்றினாள். மூன்று தடவையும் விடியற்காலையில் அவள் கைதான் விதையைத் தண்ணீரிலிருந்து அள்ளியது. மூன்றாம் தடவை அள்ளும்போது விதைகள் விரலை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றாக உதறி உதிர்க்க வேண்டியிருந்தது. விதை ஊறிய தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வராமல் அதைத் தன் சினையாட்டுக்கு வைத்தாள்.

புரட்டாசியில் ஒரே ஒரு மழை பெய்தது. பதினெட்டு வீட்டுச் சோளமும் ஒன்றுபோல முளைத்தது. பிறகு மழை இல்லை. ஊருணி வற்றித் தரை தெரிந்தது.

ஊருணியில் தரை தெரிந்தால், வீட்டில் மிச்சமிருக்கிற ஊருணித் தண்ணீரில் ஒரு செம்பு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அந்த வருஷம் ஊரில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திதான். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்த ராசகனி, உலகம்மாளின் ஒரே மகள். எழுபது வீட்டிலிருந்தும் செம்பு செம்பாக வந்தது. ஊர் முழுக்க எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற லாரித் தண்ணீரைக் குடிக்க, ராசகனி மட்டும் நாற்பது நாள் ஊருணித் தண்ணீரைக் குடித்தாள். பிறக்கிற பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டாகச் சேனை தொட்டுவைக்க வேண்டும் என்று ஒரு செம்பை மட்டும் உலகம்மாள் வாயைத் துணியால் கட்டிச் சாமி மாடத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

பயிர் திருமேனியின் தரிசில் நின்ற எட்டாம் நாள், நல்ல மத்தியானத்தில், வேம்படியில் கட்டியிருந்த உலகம்மாளின் சினையாடு சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே தரையிலிருந்து நூல் நூலாக வெள்ளை வேர்கள் எழும்பியிருந்தன. அவள் ஓடிப்போய்ச் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அவற்றைப் பிய்த்து விலக்கினாள். ஆட்டுக்கு உயிர் இருந்தது. காயம் இல்லை, ரத்தம் இல்லை. வயிறுதான் வெறும் பையாகத் தொங்கியது. பக்கத்தில் தண்ணீர் நிறைந்த தொட்டி இருந்தது. லாரித் தண்ணீர். அதை வேர் தொடக்கூட இல்லை.

அன்றைக்கு ஊர் சிரிப்பதை நிறுத்தியது. ஆனாலும் பயிரை அழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் சாம்பல் நிறத்தையே பார்த்த கண்களுக்கு முன்னால் அது கரும்பச்சையாக, ஒரு இலைகூடச் சுருளாமல், பூச்சி விழாமல் நின்றது. அதைப் பார்க்கவே அவர்கள் சாயங்காலங்களில் போய் நின்றார்கள்; பயந்து, பத்தடி தள்ளி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. ஆபீசரம்மா வந்தாள். நாடா பிடித்து அளந்தாள், போனில் படம் எடுத்தாள். உலகம்மாள் அவளைத் தனியே கூப்பிட்டு ஆட்டைக் காட்டினாள். 

"ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதியிருக்கேங்கம்மா. வறட்சியத் தாங்கும்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க. தண்ணியத் தேடிப் போகும்னு யாரும் சொல்லல."

"அது தண்ணியத் தேடல தாயி" என்றாள் உலகம்மாள். "எந்தத் தண்ணியக் காட்டிக் காட்டிப் பிடுங்குனோமோ அதத் தேடுது."

சொன்ன பிறகுதான் அந்தத் தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

அன்றே ராசகனியைக் கிழக்குத் தெருவில் இருந்த சொந்தக்காரி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். என்ன ஏது என்று மகளிடம் சொல்லவில்லை. வீடு மெழுகப் போகிறேன் என்றாள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது பயிரின் வரிசைகள் எல்லாம் கிழக்கே திரும்பியிருந்தன. உலகம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து திரும்பியபோது பின்னால் ஊரில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மகளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று சாயங்காலம் திருமேனி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். ராசகனியின் தலையைத் தடவிக் கொடுத்தான். சின்ன வயசில் அவளைத் தோளில் சுமந்து திருவிழாவுக்குக் கூட்டிப்போனவன்.

"மகளே, சும்மா வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கியே. நம்ம காட்டு வேம்படியில கட்டிலப் போட்டுத் தாரேன். நாலு நாளைக்குக் காத்தாட உக்காந்திரு. பயிரு நம்ம எடத்துலயே நின்னுக்கிரும்."

உலகம்மாள் அரிவாள்மனையிலிருந்து எழுந்தாள். "என்ன சொன்னீரு?"

"தட்டையப் பூராம் நானா திங்கப்போறேன் மதினி? எம்மாடு ரெண்டும் எலும்பும் தோலுமா நிக்கிறது ஒங்களுக்குத் தெரியாதா? பக்கத்துல விடப்போறதில்ல, அம்பதடி தள்ளித்தான். நானும் கூடவே இருப்பேன்ல."

"ஆடு எத்தனை அடி தள்ளி இருந்துச்சு?"

அவன் பழத்தை வைத்துவிட்டுப் போனான். ஆனால் அவன் சொன்னது ஊருக்குள் போய்விட்டது. அடுத்த இரண்டு நாளில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். யாரும் மிரட்டவில்லை. ஒருத்தி முறுக்குக் கொண்டுவந்தாள், ஒருத்தி நெல்லிக்காய். எல்லாருக்கும் ஒரு மூலையில் ஒரு துண்டுத் தரிசு இருந்தது. "ஒரே ஒரு நாள் தாயி, எங்க காட்டுலயும் வந்து உக்காந்துட்டுப் போ. பயிரு மிதிச்ச மண்ணாவது ஆகட்டும்."

ராசகனி நெல்லிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னய என்னம்மா கேக்காங்க இவங்க?" என்றாள். அப்போதுதான் உலகம்மாள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ராசகனி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தூங்கும்போதும் அந்தக் கைகளை எடுக்கவில்லை.

மறுநாள் பத்து மணி மினிபஸ்ஸில் அவளை மாப்பிள்ளை ஊருக்கு ஏற்றிவிடுவது என்று பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஆலமரத்து நிறுத்தத்தில் பதினேழு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. சுற்றி நின்றுகொண்டு பேசினார்கள். ஒருத்தி ராசகனியின் வளையல்களை எண்ணினாள், ஒருத்தி பையை வாங்கி வைத்துக்கொண்டாள், ஒருத்தி, இந்த மாசத்தில் குலுங்குகிற வண்டியில் ஏறுவார்களா என்று அக்கறையாகச் சடைந்துகொண்டாள். பஸ் வந்தது. அவர்கள் விலகவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்கள், சிரித்த முகத்தோடு, ஒருத்தி தோளோடு ஒருத்தி தோள் ஒட்டி. பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உலகம்மாள் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்கள் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்கு இல்லாமல் ஒரு செம்புத் தண்ணீரைத் தன் மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்.

"இவ போயிட்டா பயிரு ரோட்டத் தாண்டிப் போயிரும் எக்கா" என்று கடைசியில் ஒருத்தி சொன்னாள். "நீங்க சொல்லித்தான எக்கா நாங்க வெதச்சோம்." அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பயிரைக் கூப்பிட யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. கார்த்திகையில் அது நாளைக்கு ஒரு கயிற்றுத் தூரம் வந்தது. சுடுகாட்டைத் தாண்டி, களத்துமேட்டைத் தாண்டி, வற்றிய ஊருணியை ஒரு நாள் முழுக்கச் சுற்றி நின்றுவிட்டு, மார்கழி ஒன்பதாம் தேதி உச்சிவெயிலில் உலகம்மாளின் தெருவை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது. ஆளுயரம் இருந்தது. கதிர் தள்ளாமல் வெறும் இலையாக நின்றது. தெருவில் இருந்தவர்கள் மாடிக்கும் கோவிலுக்கும் ஓடினார்கள். அந்த நேரத்தில்தான் ராசகனிக்கு வலி எடுத்தது.

ஆம்புலன்ஸ் வந்து பயிருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கத்துச் சந்து வழியாகத் திருமேனி பண்ணரிவாளோடு வந்து நின்றான். முகம் வேர்த்திருந்தது. "மதினி, அறுத்துருவமா?"

"அறுங்க."

அவன் ஒரு தட்டையைக் கையில் பிடித்தான். அரிவாளைத் தூக்கினான். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அவனுடைய இரண்டு மாடும் அதற்கு முந்தின வாரம் செத்திருந்தன. அவன் தட்டையைப் பிடித்த கையாலேயே அதைத் தடவிக்கொண்டு, "எம்புட்டுப் பச்சையா இருக்கு மதினி" என்றான். 

உலகம்மாள் வீட்டுக்குள் போய்ச் சாமி மாடத்திலிருந்து சேனைச் செம்பை எடுத்து வந்தாள். துணியை அவிழ்த்தபோது முன்வரிசை இலைகள் எல்லாம் காற்றில்லாமலே அவள் பக்கம் சாய்ந்தன.  முதல் வரிசையின் தூரில் குந்தி உட்கார்ந்து ஊற்றினாள். மெதுவாக, கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கையை எடுக்காமல் ஈர மண்ணிலேயே வைத்திருந்தாள்.

"குடி. இந்தத் தடவை பிடுங்க மாட்டேன்" என்றாள்.

வேர்கள் அவள் விரல்களைச் சுற்றின, மோந்து பார்ப்பதுபோல் இருந்தன, விட்டன. வரிசைகள் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு விலகின.

உலகம்மாள் மகளின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு உள்ளே நடந்தாள். இருபுறமும் இலைகள் ராசகனியின் வயிற்றை உரசின. கண் தெரியாதவர்கள் முகத்தைத் தடவி ஆளைத் தெரிந்துகொள்வது மாதிரி உரசின. பாதி வழியில் ராசகனி நின்றாள். பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. தண்ணீர் அவள் கால் வழியாக இறங்கித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் ஈரத்தின் தடம்கூட இல்லை. பயிர் முழுவதும், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரே சமயத்தில் அசைவதை நிறுத்தியது.

"அம்மா, ஓடுவமா?"

"ஓடாத. நடந்தே வா."

அவர்கள் நடந்தார்கள். பின்னால் எதுவும் வரவில்லை. ஆனால் வருகிற மாதிரியே இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே வண்டிக்குள் பெண்பிள்ளை பிறந்தது. நர்ஸ் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரில் சீனி கலந்து கொடுக்க, உலகம்மாள் அதைத் தொட்டுப் பேத்தியின் நாக்கில் வைத்தாள். பிள்ளை விரலை விடவில்லை. உதறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பயிர் அதற்குப் பிறகு ஒரு அடிகூட நகரவில்லை. நாலே நாளில் கதிர் தள்ளியது, தை பிறந்ததும் முற்றியது. தெருவிலேயே அறுத்து, வாசல்களில் அடித்து, கோவில் முன்னால் குவித்தார்கள். ஒரு கதிரில் ஒரு பதர் இல்லை. பதினெட்டு வீட்டாரும் பிரித்துக்கொண்டார்கள். தெருவில் நின்ற தட்டை யாருக்கு என்று பேச்சு வந்தபோது, திருமேனி தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போனான். ஆனால் ஒரு வாரம் கழித்து வந்து, வரும் பருவத்துக்கு விதை கேட்டான். கேட்கும்போது அவன் தரையைத்தான் பார்த்தான்.

மாசியில் ஆபீசரம்மா வந்தாள். உலகம்மாளை விதைக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் ஒரு மணி விளையவில்லை. இந்த விதையை இருபது ஊருக்குக் கொடுக்கச் சொல்லி மேலே உத்தரவாகிவிட்டது என்றாள். சந்தோஷமாகச் சொல்ல முயன்றாள். 

"ஆட்டப் பத்தி எழுதுனியா தாயி?"

"எழுதினேங்கம்மா. அதுக்கு யாரும் பதில் போடல. மகசூலுக்குத்தான் போட்டாங்க."

உலகம்மாள் குவியலில் ஒரு கை விதையை அள்ளினாள். "அப்பம் ஒண்ணு செய்யி. மூணு தடவை ஊறப்போட்டுக் காயவைக்கணும்னு எழுதுற காகிதத்துல, நாலாவதும் ஒண்ணு எழுது. நாலாவது தடவை ஊத்துன தண்ணியத் திரும்ப எடுக்கக்கூடாதுன்னு எழுது. அது முழுசாக் குடிக்கட்டும்."

"எழுதிரலாம்மா" என்றாள் அந்தப் பெண். பிறகு தயங்கி, வாசலுக்கு வெளியே தெரிந்த வெடித்த ஊருணியைப் பார்த்தாள். "இருபது ஊருலயும் நாலாவது தண்ணிக்கு எங்கம்மா போவாங்க?"

உலகம்மாள் மரக்காலை எடுத்தாள். ஆபீசரம்மா கேட்ட விதையை அளந்து கொடுத்தாள். தன் பங்கில் விதைக்கு என்று ஒரு மூட்டையைக் கட்டி வீட்டின் வடக்குச் சுவரோரம் வைத்தாள். அதைக் குத்தித் தின்றுவிடலாமா என்று இரண்டு முறை வாயை அவிழ்த்தாள். இரண்டு முறையும் கட்டிவிட்டாள். அது இல்லாவிட்டால் புரட்டாசியில் புழுதியில் போட அவளிடம் வேறொன்றும் இல்லை.

பிள்ளையின் தூளி தெற்கு ஓரத்தில் தொங்கியது. ஒரு நாள் காலையில் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தவள், மூட்டை சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிற்பதைப் பார்த்தாள். ராசகனி பார்ப்பதற்கு முன்னால் அதைத் திரும்பவும் சுவரோடு சேர்த்துத் தள்ளிவைத்தாள். தூளியை அவிழ்த்துக் கிழக்குச் சட்டத்தில் கட்டினாள். குளிர்ச்சியாக இருக்கும் என்று மகளிடம் சொன்னாள்.

மறுநாள் மூட்டை கிழக்கே ஒரு சாண் நகர்ந்திருந்தது. தூளிக்குள் பிள்ளை விழித்துக்கொண்டு, அழாமல், மூட்டை இருந்த பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் லாரித் தண்ணீர்க் குடத்தை எடுத்துவந்து இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். அதை அது தொடாது என்று தெரிந்தும் வைத்தாள். பிறகு குடத்துக்குப் பக்கத்தில், மூட்டையைப் பார்த்தபடி, தானும் உட்கார்ந்தாள்.

மழைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.